கரித்துண்டும் ஒரு சொட்டு நெய்யும்

லிஃப்ட் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தை ராஜகோபால் மூன்றாவது முறையாகப் படித்தார். மூன்று முறை படித்தும் அதில் எழுதியிருந்தது மாறவில்லை.

'மொட்டை மாடியில் அடுப்பு, கிரில், பார்பெக்யூ உட்பட எந்த வகை நெருப்பும் மூட்டக் கூடாது. இது உடனடியாக அமலுக்கு வருகிறது.' கீழே குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஷ்யாம்சுந்தரின் கையெழுத்து.

"உடனடியான்னா, இன்னிக்கேவா?"

பால் பாக்கெட்டோடு லிஃப்டுக்குக் காத்திருந்த ஷ்யாம்சுந்தர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆமா சார். போன வாரம் ஏ பிளாக்ல பிறந்தநாள் பார்ட்டின்னு கிரில் போட்டாங்க இல்ல? பொறி பறந்து தண்ணி டேங்க் மூடி உருகிப் போச்சு."

"நான் கிரில் வாங்கி வச்சுட்டேனே."

"வச்சுக்கோங்க சார். பத்த வைக்காதீங்க."

"இது எங்க நிலம் ஷ்யாம்."

"நிலம் உங்களோடதுதான் சார். டேங்க் எல்லாரோடதும்."

ராஜகோபால் வீட்டுப் பக்கம் திரும்பினார். இரும்புலியூரில் அவர் அப்பா பேரில் இருந்த நிலத்தில்தான் இந்த நான்கு மாடி நிற்கிறது. பில்டர் கொடுத்த இரண்டு ஃபிளாட்டில் ஒன்றில் அவர் குடும்பம், இன்னொன்றில் வாடகைக்கு ஆள். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஹார்டுவேர் கடை. இந்தப் பக்கத்தில் அவரிடம் 'கூடாது' என்று சொல்கிறவர்கள் குறைவு.

மணி எட்டேகால். பன்னிரண்டரைக்குப் பூவராகன் வந்துவிடுவார்.

பூவராகன் அவருடைய சம்பந்தி. கோவளம் பக்கத்துக் குப்பத்தில் ஃபைபர் படகு வைத்து மீன் பிடிப்பவர். அவர் மனைவி பாப்பா அந்த மீனைக் கேளம்பாக்கம் மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்பவர். அவர்கள் மகள் மஹாலட்சுமியை ராஜகோபாலின் மகன் சக்திவேல் விரும்பிக் கட்டிக்கொண்டு ஒன்றரை வருடமாகிறது. இந்த ஒன்றரை வருடத்தில் தீபாவளி வந்தது, பொங்கல் வந்தது, மகளுக்கு டைஃபாய்டு கூட வந்தது. பூவராகன் மட்டும் வரவில்லை. பாப்பாவும் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை சக்திவேல் நேரிலேயே போய், கரையில் படகு நிழலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, "வர்றேன் மாப்ள" என்ற ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு வந்திருந்தான்.

சம்பந்தி ஏன் வரவில்லை என்று வீட்டில் எல்லோரும் எதையெதையோ சொல்லிக்கொண்டார்கள். காரணம் ராஜகோபாலுக்குத் தெரியும். ஒன்றரை வருடமாக அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

நிச்சயதார்த்தத்தன்று நடந்தது அது. கேளம்பாக்கத்தில் ஒரு சின்ன மண்டபம். தட்டு மாற்றி முடித்து வந்து உட்கார்ந்ததும் சித்தப்பா மகன் அரிகிருஷ்ணன் குனிந்து, "மீன்கார வீட்ல பொண்ணெடுக்கறியே அண்ணா" என்று கேட்டான். ராஜகோபால் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அதுக்கென்ன, இனிமே வீட்ல ஊதுவத்திச் செலவு கொஞ்சம் ஏறும்."

சொல்லிவிட்டு நிமிர்ந்தால் இரண்டு நாற்காலி தள்ளிப் பூவராகன். அவருக்குப் பின்னால் பெண்கள் தாம்பூலப் பைகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பூவராகன் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, அந்த ஒன்றும் தெரியாத முகம்தான் ராஜகோபாலை இத்தனை நாளாகத் தூங்கவிடாமல் செய்தது.

அதனால்தான் இன்றைக்குத் தன் கையால் சமைத்துப் போடுவதென்று முடிவெடுத்திருந்தார். சாப்பிட்ட பிறகு மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். என்ன சமைக்கலாம் என்று மருமகளிடம் கேட்டபோது, "அப்பாவுக்கு வீட்ல தினம் மீன்தான் மாமா. ஒரு தடவை ஓ.எம்.ஆர். ரோட்டு ஓட்டல் ஒண்ணுல கரியில சுட்ட கோழி சாப்பிட்டார். ரெண்டு வருஷமா அதையே சொல்லிக்கிட்டு இருக்கார்" என்றாள். அன்றைக்கே கிரில் ஆர்டர் போனது.

அந்தக் கிரில் இப்போது ஹால் நடுவில், அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தது.

*

"மாடியில ஏத்தக் கூடாதாம்" என்றார் உள்ளே வந்ததும்.

மனைவி சாமுண்டீஸ்வரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "நல்லதாப் போச்சு. ஏத்தறதுக்குக் கரி எங்க இருக்கு?"

"பெட்டியில இருக்கும்."

பெட்டியைப் பிரித்தார். கம்பி வலை இருந்தது. நான்கு கால்கள், ஒரு பொட்டலம் திருகாணி, நீளமான இடுக்கி ஒன்று இருந்தன. கரி இல்லை.

"கரி தனியா வாங்கிக்கணும்னு பெட்டி மேலயே போட்டிருக்கு. நான் வியாழக்கிழமையே படிச்சேன்."

"படிச்சவ சொல்றதுக்கென்ன?"

"நீங்க கேக்கலையே."

அடுப்படியிலிருந்து மஹாலட்சுமி எட்டிப் பார்த்தாள். காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியின் கேட்டரிங் துறையில் லேப் உதவியாளர் வேலை அவளுக்கு. நேற்று மாலையே இரண்டு கிலோ கோழியில் மசாலா பூசி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டாள். இன்றைக்கு அவள் கரண்டியைத் தொடக்கூடாது என்பது ராஜகோபால் போட்ட சட்டம்.

"மாமா, மாடியை விடுங்க. கேஸ் அடுப்புலயே செஞ்சிடலாம்."

"கேஸ்ல புகை வாசம் எப்படிம்மா வரும்?"

"வரும். கோழியைக் கல்லுல நல்லாக் கருக வாட்டி, ஒரு பாத்திரத்துல போட்டு, நடுவுல சின்னக் கிண்ணம் வச்சு, அதுல சிவக்கச் சிவக்க ஒரு கரித்துண்டு. அது மேல ஒரு சொட்டு நெய் விட்டா புகை வரும். உடனே மூடிடணும். எங்க லேப்ல இப்படித்தான் செஞ்சு காட்டுவோம். ஒரே ஒரு கரி போதும்."

"ஒண்ணே ஒண்ணா?"

"ஒண்ணே ஒண்ணு. நான் குளிச்சிட்டு வந்துடறேன், தேடலாம்."

அவள் குளிக்கப் போனாள். கடையில் கரி கிடைக்குமா என்று ராஜகோபால் இரண்டு பேருக்குப் போன் செய்தார். ஒருவர் எடுக்கவில்லை. இன்னொருவர், "எந்தக் கறிண்ணே, மட்டனா?" என்றார். போனை வைத்தபோது பூஜை அலமாரி கண்ணில் பட்டது. கீழ்த்தட்டில், சாம்பிராணிக்கென்று சாமுண்டீஸ்வரி வாங்கி வைத்திருந்த வட்ட வட்டமான கருப்பு வில்லைகள்.

கரிதானே அதுவும்?

வெள்ளோட்டம் பார்த்துவிடலாம் என்று ஆறு துண்டுக் கோழியை எடுத்தார். தோசைக்கல்லைக் காயவைத்து வாட்டினார். ஒரு வில்லையை இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டியதும் அது சடசடவென்று தானாகவே பொறி விட்டுப் பற்றிக்கொண்டது. இவ்வளவு சுலபமா என்று அவருக்கே பெருமையாக இருந்தது. கிண்ணத்தில் வைத்து, நெய் விட்டு, மூடி, கால் மணி நேரம் கழித்துத் திறந்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குள் வந்து நின்றது.

சாமுண்டீஸ்வரி வெங்காயக் கையோடு எழுந்து வந்து பாத்திரத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "ஏங்க, இதைச் சாப்பிடணுமா, விழுந்து கும்பிடணுமா?"

ஈரத்தலையில் துண்டோடு ஓடிவந்த மஹாலட்சுமி, அலமாரி திறந்திருப்பதைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். சிரித்துச் சிரித்து, கடைசியில் அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "மாமா, சட்டுனு பத்தணும்னு அந்த வில்லையில ஏதோ மருந்து கலந்திருப்பாங்க. சாமிக்குச் சரி. சாப்பாட்டுக்கு ஆகாது. ஆறு பீஸும் குப்பைக்குத்தான்."

"போனா போகுது, ஆறு பீஸ்தானே" என்றாள் சாமுண்டீஸ்வரி. "வீடு மணக்குது. சம்பந்தி வர்ற நேரத்துக்கு நல்லதுதான்."

ராஜகோபால் முகம் வெளுத்தது.

சம்பந்தி வரும் நேரம். வாசற்படி ஏறியதும் மூக்கில் சாம்பிராணி ஏறும். மீன்காரர் வருகிறார் என்று புகை போட்டு வைத்திருக்கிறார்கள் என்றுதானே நினைப்பார்?

அவர் எழுந்து எல்லா ஜன்னலையும் திறந்தார். எல்லா ஃபேனையும் போட்டார். பால்கனிக் கதவைத் திறந்து, காலண்டர் அட்டையால் ஹாலில் விசிற ஆரம்பித்தார்.

"என்னங்க ஆச்சு உங்களுக்கு? சாம்பிராணிதானே?"

"நீ சும்மா இரு."

"மாமா" என்று மஹாலட்சுமி பக்கத்தில் வந்தாள். "என்ன மாமா?"

விசிறிய கை நின்றது. மறைக்க இனித் தெம்பில்லை. பால்கனிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, ஊதுவத்திப் பேச்சை வார்த்தை மாறாமல் சொன்னார். சொல்லிவிட்டுத் திரும்பவில்லை.

மஹாலட்சுமி தலையிலிருந்த துண்டை எடுத்து நிதானமாக மடித்தாள். சிரிப்பு முகத்தை விட்டுப் போயிருந்தது.

"அப்பாவுக்கு மனசு வரலன்னு அம்மா சொல்லிக்கிட்டே இருந்தாங்க. எதுக்குன்னு கேட்டா சொல்ல மாட்டாங்க."

"எதுக்குன்னு எனக்குத் தெரியும்மா."

"நான் மீன் குழம்பு வச்சா ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிடறீங்க."

"சாப்பிடறப்பல்லாம் அது ஞாபகம் வருதும்மா."

அவள் துண்டைக் கொடியில் போட்டாள். சுவரோரமாக நின்ற சாமுண்டீஸ்வரி, கணவனைப் பார்த்த பார்வையை அவர் நிமிர்ந்து சந்திக்கவில்லை.

"என்கிட்ட சொல்லிட்டீங்க, சரி" என்றாள் மஹாலட்சுமி. "அது போதாது. அப்பாகிட்டயும் சொல்லணும்."

"சொல்லத்தாம்மா சமைக்கிறேன்."

"அப்ப முதல்ல நல்ல கரியா ஒண்ணு கொண்டு வாங்க."

*

நல்ல கரி தெருமுனையிலேயே இருந்தது. இத்தனை வருடமாகச் சட்டை கொடுத்து வாங்குகிறவருக்கு அது தோன்றவில்லை என்பதுதான் ஆச்சரியம். இஸ்திரி வண்டிக்காரர் முனிரத்தினம் பெட்டியைத் திறந்து கரிக் கங்குகளை ஊதிக்கொண்டிருந்தார்.

"முனிரத்தினம், நாலு கரித்துண்டு வேணும்."

"இன்னா சார், துணிய நீங்களே தேச்சிக்கப் போறீங்களா?"

"கோழிக்கு."

முனிரத்தினம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சாக்குக்குள் கைவிட்டுத் துழாவி, கையில் எடுத்ததைத் தட்டிப் பார்த்து, இரண்டைப் போட்டுவிட்டு வேறு இரண்டை எடுத்தார். "இது கொட்டாங்கச்சிக் கரி. மண்ணெண்ண கிண்ணெண்ண ஒண்ணும் படாதது. பொறி அடிக்காது. நானே இதுலதான் கருவாடு சுட்டுத் துன்றேன். அடுப்புல காட்டினா உடனே புடிக்காது சார், அவசரப்படாதீங்க. ஓரமெல்லாம் சாம்பல் பூத்து உள்ளாற செவக்கணும், அப்பத்தான் வேலைக்கு ஆவும்."

செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். ராஜகோபால் அதைத் தங்கம் மாதிரி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

பத்தரைக்கு அடுப்படி அவர் கைக்கு வந்தது. மஹாலட்சுமி ஸ்டூலில் உட்கார்ந்து வாயால் மட்டும் சமைத்தாள்.

"கோழி மேல ஈரம் இருக்கக் கூடாது மாமா. துணியால ஒத்தி எடுங்க. ஈரம் இருந்தா வேகும், கருகாது."

ஒற்றி எடுத்தார். மசாலாவில் புளிக்காத கெட்டித் தயிர், இஞ்சி பூண்டு, எலுமிச்சை. மிளகாய்த்தூளுக்குப் பதிலாகக் காய்ந்த மிளகாயை நெருப்பில் காட்டிக் கருக்கி அரைத்துப் போட்டிருந்தாள். பாதிப் புகை வாசம் அந்த மிளகாயிலேயே வந்துவிடும் என்பது அவள் கணக்கு.

"கல்லு புகையற வரைக்கும் காயணும். நல்லெண்ணெய் தடவுங்க. நாலு பீஸ்தான் ஒரு ஈட்டுக்கு. அடைச்சுப் போட்டா தண்ணி விட்டுக்கும்."

நான்கு துண்டு போட்டதும் கல் சீறியது. ராஜகோபால் உடனே கரண்டியை நீட்டினார்.

"தொடாதீங்க மாமா. அதுவா கல்லை விடும், அப்பத் திருப்புங்க."

காத்திருந்தார். அது கல்லை விட்டது. திருப்பிய பக்கம் கறுப்பும் சிவப்புமாகப் பொரிந்திருந்ததைப் பார்த்ததும் சாமுண்டீஸ்வரியை அழைத்துக் காட்டினார். அவள் காலையிலிருந்து அவரோடு சரியாகப் பேசவில்லை. எட்டிப் பார்த்துவிட்டு, "ம்" என்றாள். ஆனால் போகவில்லை. நின்று அடுத்த ஈட்டையும் பார்த்தாள்.

பயன்படாமல் கிடந்த கிரிலின் கம்பி வலைக்கு மஹாலட்சுமி வேலை கொடுத்தாள். அதை இன்னொரு அடுப்பின் மேல் வைத்து, சோளக்கதிர்களை நேராக நெருப்பில் புரட்டச் சொன்னாள். பிறகு அதே வலையில் தக்காளியும் பூண்டும். தோல் கறுத்து வெடித்ததும் சாமுண்டீஸ்வரி அதை வாங்கி, தோலை உரித்து, உப்பும் பச்சை மிளகாயும் வைத்து அம்மியில் ஒரு நசுக்கு நசுக்கினாள். "துவையலாவது ஒழுங்கா இருக்கட்டும்" என்றாள். கோபம் பாதி இறங்கிவிட்டது என்று ராஜகோபாலுக்குத் தெரிந்தது.

கடைசியில் கரி. ஒரு துண்டை நெருப்பின் மேல் வைத்தார். முனிரத்தினம் சொன்னபடி அவசரப்படவில்லை. ஓரத்தில் சாம்பல் பூத்தது. உள்ளே ரத்தச் சிவப்பு ஏறியது. வாட்டிய கோழியெல்லாம் பெரிய அலுமினியப் பாத்திரத்தில் தயாராக இருந்தது. மஹாலட்சுமி ஒரு பெரிய வெங்காயத்தின் தடித்த ஏட்டை உரித்து, கிண்ணம் போல நடுவில் வைத்தாள். "கிண்ணத்துக்குப் பதிலா இதை வச்சா இன்னொரு வாசம் கூட வரும்."

கரியை அதில் இறக்கினார். ஒரு கிராம்பைப் போட்டார். ஒரு சொட்டு நெய்.

சொட்டு விழுந்த மாத்திரத்தில் புகை கிளம்பியது. மூடியைப் போட்டு, மேலே கல்லுரலின் குழவியைத் தூக்கி வைத்தார்.

"அஞ்சு நிமிஷம்தான் மாமா. அதுக்கு மேல விட்டா கசந்துடும்."

செல்போனில் ஐந்து நிமிடம் வைத்துவிட்டுக் கை கட்டி நின்றார். திறந்தபோது சாம்பிராணி இல்லை. வெள்ளிக்கிழமையும் இல்லை. கரியடுப்பில் சுட்டால் எந்த வாசம் வருமோ அந்த வாசம், அப்படியே வந்தது.

"பாஸ்" என்றாள் மருமகள்.

*

சக்திவேல் வண்டலூர் போய், பஸ்ஸிலிருந்து இறங்கிய மாமனாரை பைக்கில் அழைத்துக்கொண்டு வந்தபோது மணி பன்னிரண்டு நாற்பது.

பூவராகன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். வெயிலில் காய்ந்த முகத்துக்கு அது பளிச்சென்று இருந்தது. கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் ஸ்வீட் டப்பாவும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் மூக்கை இழுத்தார்.

ராஜகோபால் மூச்சை நிறுத்திக்கொண்டார்.

"இன்னாமோ வாசம் ஜம்முனு கீது" என்றார் பூவராகன். மகளைப் பார்த்ததும் மற்றதெல்லாம் மறந்துவிட்டது அவருக்கு. அவள் தோளைத் தொட்டு, "எளச்சிட்டியே" என்றார். அவள் இளைக்கவில்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

"மீன் எடுத்துட்டு வரலியாப்பா?" என்று மஹாலட்சுமி சாதாரணமாகக் கேட்டாள்.

பூவராகன் சட்டென்று வேறு பக்கம் பார்த்தார். "இல்லம்மா. இன்னிக்கு எடுத்தார முடில."

அவ்வளவுதான் சொன்னார். ராஜகோபாலுக்கு அது போதுமானதாக இருந்தது. தினம் கடலுக்குப் போகிற மனிதர் மகள் வீட்டுக்கு வெறும் வாழைப்பழத்தோடு வருகிறார் என்றால், அதற்கு வேறென்ன அர்த்தம்?

சாப்பாடு போட்டார்கள். பூவராகன் முதல் துண்டை எடுத்துக் கடித்தார். மென்றார். மெல்வதை நிறுத்திவிட்டுத் தட்டைப் பார்த்தார்.

"மாடில வச்சி சுட்டீங்களா சார்?"

"இல்ல சம்பந்தி. கேஸ் அடுப்புலதான்."

"சும்மா சொல்லாதீங்க. இது கரில வாட்டுனது."

"மாமாதான் செஞ்சார்ப்பா. காலையிலேருந்து" என்றாள் மஹாலட்சுமி.

பூவராகன் நம்பவில்லை. நான்கு துண்டு, இரண்டு சோளக்கதிர், துவையல் மொத்தத்தையும் முடித்து, கை கழுவியதும் நேராக அடுப்படிக்கு நடந்தார். "எப்டி செஞ்சீங்கன்னு காட்டுங்க சார். படகுல ஸ்டவ் வச்சிக்கினு போறோம், அங்க இப்டி ஒரு புகை போட்டா எப்டி இருக்கும்."

ராஜகோபால் பின்னாலேயே போனார். பூவராகன் பாத்திரத்துக்குள் குனிந்து, கறுத்துச் சுருண்டிருந்த வெங்காய ஏட்டை விரலால் புரட்டிக்கொண்டிருந்தார். இதுதான் நேரம். இதைவிட்டால் தைரியம் வராது.

"சம்பந்தி, நிச்சயதார்த்தத்துல நான் ஒரு வார்த்தை சொன்னேன். ஊதுவத்திச் செலவு ஏறும்னு. உங்க தொழிலை வச்சுக் கேலியாச் சொன்னது. அது தப்பு. என்னை மன்னிச்சுக்கணும்."

பூவராகன் வெங்காய ஏட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு அசைவும் இல்லை. அதே ஒன்றும் தெரியாத முகம்.

ராஜகோபால் ஒரு அடி கிட்டே போனார். "சம்பந்தி."

அப்போதுதான் பூவராகன் நிமிர்ந்தார். "இன்னா சார், ஏதாச்சும் சொன்னீங்களா? இந்தாண்டை வந்து சொல்லுங்க. அந்தக் காது எனக்கு ஆவாது. மோட்டார் சத்தத்துல போய் எட்டு வருஷமாச்சி."

அடுப்படி வாசலில் நின்றிருந்த மஹாலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முதல் தடவை சொன்னதே எப்படி வந்தது என்று ராஜகோபாலுக்குத் தெரியவில்லை. பூவராகனைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனார். எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். எதையும் குறைக்கவில்லை, ஊதுவத்தியையும் விடவில்லை.

பூவராகன் கேட்டு முடித்தார். முகம் லேசாக மாறியது. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"இது எப்ப சொன்னீங்க?"

"தட்டு மாத்தினதும். நீங்க ரெண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தீங்க. என்னையேதான் பார்த்தீங்க."

"நான் சாப்பாட்டுக்கு எப்ப கூப்புடுவாங்கன்னு பாத்துக்கினு இருந்திருப்பேன்" என்றார் பூவராகன். "எனக்கு ஒண்ணும் கேக்கல சார். இப்பத்தான் கேட்டேன்."

பூவராகன் பாத்திரத்தை மூடி வைத்தார்.

"கேட்டதும் கொஞ்சம் ஒரு மாதிரியாத்தான் கீது. இல்லன்னு சொல்ல மாட்டேன். எங்க மேல மீன் வாசம் கீது. அதுலதான் இவள படிக்க வச்சேன்." மகளை ஒருமுறை பார்த்தார். பிறகு ராஜகோபாலின் மசாலா படிந்த சட்டையை, கரி அப்பிய விரல்களைப் பார்த்தார். "ஒன்றர வருஷமா இத்த மனசுல வச்சிக்கினு கெடந்தீங்களா?"

"ஆமா."

"நான் நல்லாத் தூங்கினேன் சம்பந்தி."

முதல்முறையாக 'சம்பந்தி' என்றார். ராஜகோபாலுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. எது முந்தும் என்று தெரியாமல் குழவியை எடுத்து வேறு இடத்தில் வைத்தார்.

"அப்ப நீங்க ஏன் இத்தனை நாள் வரல?"

"நானா வரல? பாப்பாதான் போவக்கூடாதுன்னா. ஏன்டின்னு கேட்டா, 'போவாதன்னா போவாத'ம்பா. சண்ட புடிச்சிப் பாத்தேன், மூணு நாள் சோறு ஆக்கல. இன்னிக்குக்கூட மோட்டாருக்கு ஸ்பேர் வாங்கப் போறேன்னு சொல்ட்டுத்தான் வந்தேன். மீன எடுத்தா கண்டுபுடிச்சிருப்பா. அதான் வாழப்பழம்."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். கண் சுருங்கியது. மண்டபத்தை மனசுக்குள் ஒருமுறை சுற்றி வந்தது போலிருந்தது.

"சம்பந்தி, அன்னிக்கி என் சேருக்குப் பின்னாடி யாரு நின்னுகினு இருந்தாங்க?"

"பொம்பளைங்க. தாம்பூலப் பை அடுக்கிக்கிட்டு."

"பாப்பாதான் அடுக்கிக்கினு இருந்தா" என்றார் பூவராகன் மெதுவாக. "அவளுக்கு ரெண்டு காதும் நல்லாக் கேக்கும்."

மஹாலட்சுமி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பாவுக்கு மனசு வரல, மனசு வரலன்னு சொன்னது..."

"அவ மனசும்மா அது. எம்பேர்ல சொல்லிக்கினு இருந்திருக்கா."

பூவராகனின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவர் சூடு பட்டது போல அதைச் சமையல் மேடையில் வைத்தார். சின்னத் திரையில் பாப்பாவின் பெயர். போன் நாட்டியமாடிக்கொண்டே மேடையில் நகர்ந்தது.

"எடுங்க மாமா" என்று ஹாலிலிருந்து சக்திவேல் வந்தான்.

"ஸ்பேர் எங்கன்னு கேப்பா மாப்ள. நான் இன்னா சொல்றது?"

அது அடித்து ஓய்ந்தது. உடனே மறுபடி அடித்தது. யாரும் கை நீட்டவில்லை. மகன் பின்னாலேயே வந்த சாமுண்டீஸ்வரி கணவனைப் பார்த்தாள். காலையில் பார்த்த பார்வை இல்லை இது. என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்கிற பார்வை.

ராஜகோபால் கரி விரலை வேட்டியில் துடைத்துவிட்டுப் போனை எடுத்தார்.

"வணக்கம்மா. நான் இரும்புலியூர் ராஜகோபால் பேசறேன். சம்பந்தி இங்கதான் இருக்கார். மகளைப் பார்க்க வந்தார். அவரைக் கோவிச்சுக்காதீங்க."

எதிர்முனையில் மார்க்கெட் சத்தம் கேட்டது. யாரோ எடை சொன்னார்கள். யாரோ ஐஸ் உடைத்தார்கள்.

"சாப்ட்டாரா?" என்று கடைசியில் கேட்டது பாப்பாவின் குரல்.

"சாப்பிட்டார்மா."

"யாரு சமைச்சது?"

"நான்தான்."

மறுபடி ஐஸ் உடைபடும் சத்தம். ராஜகோபால் மன்னிப்பை மூன்றாம் முறையாகக் கேட்டுவிடத் தயாரானார். "அம்மா, உங்ககிட்ட நான் ஒண்ணு..."

"போன்ல வாணாம்" என்றார் பாப்பா. குரலில் கோபமில்லை. அதுதான் பயமாக இருந்தது. "புதன்கெழம காலைல எங்க வூட்டுக்கு வாங்க. சாப்ட்டுட்டு வராதீங்க. நீங்க மட்டும் வாங்க."

போன் வைக்கப்பட்டது.

"என்னங்க சொன்னாங்க?" என்றாள் சாமுண்டீஸ்வரி.

"புதன்கிழமை கூப்பிட்டிருக்காங்க. என்னை மட்டும்."

"எதுக்காம்?"

ராஜகோபால் பூவராகனைப் பார்த்தார். ஒன்றுக்கும் அசையாத அந்த மனிதர், சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"தனியாவா கூப்ட்டா?" என்றார். "இருபத்தாறு வருஷத்துல அவ அப்டி ஒருத்தரத்தான் கூப்ட்டிருக்கா சம்பந்தி. என்னியத்தான். அன்னிக்கி வாங்கினது இன்னும் மறக்கல."